ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடிக்கலாமா?

குட்டீஸ், விருதுநகர் மாவட்டம் என்றதும் என்ன ஞாபகம் வரும்? சிவகாசி பட்டாசு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, விருதுநகர் எண்ணெய் பரோட்டா... அப்புறம் மண்டையைப் பிளக்கும் வெயில்! மழையும் குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. தீக்குச்சியும் பட்டாசும் நமுத்துப் போகாமல் காய்வதற்கு இந்த வறட்சிதான் கைகொடுத்தது.

அதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பச்சைப் பசேலென்று மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. வத்திராயிருப்பு பக்கத்தில் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஏறினால் சதுரகிரி மலை. மேலே சுந்தர மகாலிங்கம் கோயில். ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கானோர் இந்த மலை ஏறுகிறார்கள். வழியெல்லாம் கல்லும் முள்ளும், நடுநடுவே ஓடைகளும்!

நீங்களும் அப்பா, அம்மாவுடன் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி வழியில் பாட்டில் காலி. நாக்கு வறள்கிறது. எதிரே பளிங்கு மாதிரி ஒரு ஓடை. அள்ளிக் குடிக்கலாமா?

அவசரப்படாதீர்கள்! தெளிந்த நீர் வேறு, சுத்தமான நீர் வேறு.

கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

இந்த மலைக்காடு 1988ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. யானை, காட்டுமாடு, மான் எல்லாம் ஓடையில்தான் தண்ணீர் குடிக்கும். அங்கேயே சாணமும் போடும். மழை பெய்தால் அதெல்லாம் ஓடைக்கு வந்து சேரும்.

நீரில் இருக்கும் நோய்க்கிருமிகளை உருவத்தை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால், ஒரு பங்குதான் 1 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

* பெரியண்ணன்: அமீபா, ஜியார்டியா போன்ற ஒரு செல் உயிரிகள். சுமார் 10 மைக்ரான். வயிற்றுக்கடுப்பு, பேதி தருபவை.

* நடு அண்ணன்: பாக்டீரியா. சுமார் 1 மைக்ரான். டைபாய்டு, காலரா இவற்றின் வேலை.

* கடைக்குட்டி: வைரஸ். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் - ஏ வைரஸ் 0.03 மைக்ரான்தான்!

ரவை சலிக்கும் சல்லடையில் கோதுமை மேலேயே நிற்கும். மைதா கீழே விழுந்துவிடும் அல்லவா? வடிகட்டியும் ஒரு சல்லடைதான். எந்தக் கண்ணளவு சல்லடை, எந்தக் கிருமியைப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

துணி ஜெயித்த கதை

நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. குளத்துத் தண்ணீரில் சைக்ளோப்ஸ் என்ற குட்டிப் பூச்சி இருக்கும். அதன் வயிற்றுக்குள் புழுவின் குஞ்சு. தண்ணீரோடு அதைக் குடித்தால், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் வெடித்து, ஒரு மீட்டர் நீளம் வரை வெள்ளைப் புழு வெளியே வரும். அம்மாடியோவ்!

சைக்ளோப்ஸ் உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது. அதனால் நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினாலே மாட்டிக்கொள்ளும். ஊர் ஊராகத் துணி வடிகட்டி கொடுத்தார்கள், படிக்கிணறுகளை மாற்றினார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996ல் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டு, இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆப்பிரிக்காவில் ஊர்விட்டு ஊர் போகும் மக்களுக்கு, முனையில் வலை வைத்த சின்னக் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள். எங்கே நீர் கிடைத்தாலும் அந்தக் குழாய் வழியாக உறிஞ்ச வேண்டியதுதான்!

ஆனால் துணிக்குப் பாக்டீரியா அடங்காது. ஓட்டைக்குள் ஓடிப் போய்விடும். பாட்டி சொல்லும் தேற்றான் கொட்டையும் அப்படித்தான். பானையில் உரைத்துவிட்டால் கலங்கல் அடியில் படியும், நீர் தெளியும். ஆனால் எல்லாக் கிருமியும் சாகாது.

கொதிக்க வைக்கலாமே?

கொதிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் மூன்று கூட்டமும் காலி!

'சிவகாசி தீப்பெட்டி இருக்கிறதே, காட்டிலேயே அடுப்பு மூட்டிவிடலாம்' என்கிறீர்களா? கூடவே கூடாது. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கு மேல் இறந்து போனார்கள். காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். தீப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். கொதிக்க வைத்து ஆறிய நீரைக் கிளம்பும்போதே பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பையில் அடங்கும் வழிகள்

நுண்குழாய் வடிகட்டி: உள்ளங்கை அளவுதான் இருக்கும். உள்ளே மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கும். டயாலிசிஸ் கருவியிலும் இதே மாதிரிக் குழாய்கள்தான். வாங்கும்போது 0.1 அல்லது 0.2 மைக்ரான் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரியண்ணன், நடு அண்ணன் இருவரும் மாட்டிக்கொள்வார்கள். கடைக்குட்டி வைரஸ் நழுவிவிடும்.

குளோரின் மாத்திரை: விலை மலிவு, எடையே இல்லை. வைரசையும் பாக்டீரியாவையும் கொல்லும். ஆனால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கலங்கல் நீரில் இதன் வீரம் குறைந்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற தடித்த ஓடு போட்ட கிருமி இதற்குச் சாகாது. ஒரு லிட்டருக்கான மாத்திரையும் உண்டு, 20 லிட்டருக்கான மாத்திரையும் உண்டு. உறையைப் படித்துப் பார்த்துப் பெரியவர்கள்தான் போட வேண்டும்.

புற ஊதா விளக்கு: பேனா மாதிரி இருக்கும். நீரில் விட்டுக் கலக்கினால் கிருமிகள் பெருக முடியாமல் போகும். ஆனால் நீர் தெளிவாக இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அது வெறும் குச்சி!

வெயில்: பட்டாசைக் காய வைக்கும் அதே வெயில் கிருமியையும் கொல்லும். நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, படுக்க வைத்து, நல்ல வெயிலில் 6 மணி நேரம் வைத்தால் போதும். மேகமாக இருந்தால் 2 நாள். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்திம் அக்ரா என்பவரின் குழு ஆராய்ந்து 1980ல் வெளியிட்ட முறை இது. நடக்கும்போது உதவாது, ஒரே இடத்தில் தங்கினால் உதவும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இங்கேதான் முக்கியமான விஷயம். நம்மைத் தாக்கும் குடல் வைரஸ்கள் பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்துதான் நீருக்கு வருகின்றன. ஆள் நடமாட்டமே இல்லாத வெளிநாட்டுப் பனிமலையில் வடிகட்டி மட்டும் போதும் என்பார்கள். ஆயிரக்கணக்கானோர் ஏறும் சதுரகிரி போன்ற மலையில் அது போதாது!

அதனால், 'இந்த ஓடைக்கு மேலே யார் இருக்கிறார்கள்?' என்பதுதான் முதல் கேள்வி. கூட்டம் போகும் மலை என்றால் முதலில் வடிகட்டுங்கள், பிறகு குளோரின் போடுங்கள். வடிகட்டி விட்டதைக் குளோரின் கொல்லும். குளோரினுக்குச் சாகாததை வடிகட்டி பிடிக்கும். ஒருவர் குறையை இன்னொருவர் நிரப்பும் நல்ல ஜோடி!

இன்னும் ஒன்று. பட்டறை, ஆலைக் கழிவு கலந்த நீரையோ, உப்பு நீரையோ இந்த முறைகள் எதுவும் மாற்றாது. கரைந்த ரசாயனத்தைக் கொதிக்க வைத்தால், நீர் ஆவியாகி ரசாயனம் இன்னும் அடர்த்தியாகும். நிறம், நாற்றம், நுரை இருந்தால் அந்த நீரே வேண்டாம்.

மழை நேரத்தில் ஓடைக்குள் இறங்கவும் கூடாது. 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே மலையில் கொட்டித் தீர்க்கலாம்.

செய்து பாருங்கள்!

தேவை: குடிநீர் ஒரு டம்ளர், சர்க்கரை ஒரு ஸ்பூன், சுத்தமான பருத்தித் துணி.

சர்க்கரையை நீரில் நன்றாகக் கரையுங்கள். துணியை நான்காக மடித்து, அந்த நீரை வடிகட்டுங்கள். பார்க்கத் தெளிவாக இருக்கிறதா? இப்போது ஒரு வாய் குடியுங்கள். இனிக்கிறது! கண்ணுக்குத் தெரியாதது துணியைத் தாண்டி வந்துவிட்டது பார்த்தீர்களா?

சர்க்கரை என்பதால் இனித்தது. கிருமி என்றால் ருசியே தெரியாது. இரண்டு நாள் கழித்து வயிறுதான் சொல்லும். அடுத்த முறை மலை ஏறும்போது, பை கட்டும் அப்பாவிடம் நீங்களே கேளுங்கள்: "தண்ணீர் பாட்டில் சரி... வடிகட்டியும் மாத்திரையும் எங்கேப்பா?"