இன்புளூயன்ஸா ஜுரம் பரவும் வேகம்: கோழி வளர்ப்போரும் கிராம அதிகாரிகளும் அறியவேண்டியவை

மூன்று நாளைக்கொருமுறை இரட்டிப்பாகும் கடன் எங்கே போய் முடியுமென்பதைக் கணக்கறிந்த விவசாயி எவரும் சொல்லுவர். இன்புளூயன்ஸா ஜுரமும் ஏறக்குறைய அவ்விதமே பெருகுவது. நோயுற்ற ஒருவர் இருவருக்கு அதனைக் கொடுப்பதாகவும், அவ்விதம் பரவ மூன்று நாள் செல்வதாகவும் வைத்துக்கொண்டால், முப்பதாம் நாளில் 1,024 பேரும், அறுபதாம் நாளில் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோரும் புதிதாக நோயுறுவர். ஜுரம் வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே தொற்று ஆரம்பிப்பதால், சந்தைக்குச் சென்று வந்தவர் பின்னரே தம் நோயை அறிகிறார்.

இது வெறுங் கணக்கன்று. 1918-ஆம் வருஷம் ஜூன் மாதம் பம்பாயில் தோன்றிய ஜுரம் ரயில் மார்க்கமாய் உள்நாடெங்கும் சென்றது. செப்டம்பரில் மிகக் கொடியதாய்த் திரும்பி, சில மாதங்களில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது. இறந்தோரில் 20 முதல் 40 வயதுள்ள திடகாத்திரர் மிகுதி. மழையும் பொய்த்த அவ்வருஷத்தில் வயல் வேலைக்கு ஆளும் குறைந்தது. 2009-ஆம் வருஷம் பன்றிகளிடமிருந்து வந்த புதுவகைக் கிருமி, ஏப்ரலில் கலிபோர்னியாவிலும் மெக்ஸிகோவிலும் கண்டறியப்பட்டது. ஜூன் 11-க்குள் 74 நாடுகளில் காணப்பட்டு, உலகக் கொள்ளைநோயென அறிவிக்கப்பட்டது.

இக்கிருமிகளின் மூல இருப்பிடம் நீர்ப்பறவைகளே. அவற்றிலிருந்து கோழி, வாத்து, பன்றிகளுக்கும், அரிதாக மனிதருக்கும் பரவும். 1997-இல் ஹாங்காங்கில் 18 பேர் பறவைக் காய்ச்சலுற்று 6 பேர் இறந்தனர். ஊரிலிருந்த கோழிகள் யாவும் அழிக்கப்பட்டதும் நோய் நின்றது. மகாராஷ்டிர மாகாணத்து நவாபூரில் 2006-இலும், குட்டநாட்டு வாத்துகளிடையே 2014-இலும் இந்நோய் கண்டது. அது மனிதரிடையே எளிதில் பரவும் தன்மையை இதுவரை அடையவில்லை. அடைந்துவிட்டால் மேற்கண்ட கணக்கே நடக்கும்.

ஆகவே தடுக்கவேண்டிய இடம் கோழிக் கூண்டேயாகும்.

(1) கோழி, வாத்துகள் காரணமின்றித் திடீரெனக் கூட்டமாய் இறப்பின், அவற்றை விற்றலும், ஆற்றில் எறிதலும், வெறுங்கையால் தொடுதலும் கூடாது.

(2) உடனே கிராம அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். 2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் இதனை வளர்ப்போர் கடமையாக்கியிருக்கிறது. அதிகாரி காலதாமதமின்றிக் கால்நடை வைத்தியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

(3) கோழிகளையும் பன்றிகளையும் ஒரே கொட்டிலில் அடைத்தலாகாது.

நஷ்டத்திற்கு அஞ்சி நோயை மறைப்போர் உண்டு. சர்க்கார் உத்தரவின்படி அழிக்கப்படும் பறவைகளுக்கு நஷ்டஈடு அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. மறைத்த மூன்று நாள்களுக்கோ ஈடேயில்லை.