பின்னணிக் குரல்: யாரிடம் பேசுகிறோம்?

மும்பைக்கும் தமிழ்க் குரலுக்கும் உள்ள உறவு பழையது. 1948-இல் இங்கே தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன், செய்திப் படங்களையும் ஆவணப் படங்களையும் தமிழ் உள்படப் பல மொழிகளில் வெளியிட்டது. 2022-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்துவிட்டது. ஆனாலும் விளம்பரம், பயிற்சிப் படம் என்று தமிழ்க் குரலுக்கு இந்த ஊரில் இன்றும் வேலை இருக்கிறது. அந்தத் தொழிலில் பல வருடம் இருப்பவன் என்ற முறையில் சில விஷயங்களைப் பகிர்ந்துகொள்கிறேன்.

"நல்ல குரல் இருந்தாப் போதும்தானே சார்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போதாது. யாரிடம் பேசுகிறோம் என்பது முதலில் தெரியவேண்டும். 'கதவு திறந்திருக்கிறது' என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் தயங்கி நிற்கும் விருந்தாளியிடம் சொன்னால் அது வரவேற்பு. பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வந்து சொன்னால் பயம். ஏ.சி. ஓடும் அறையில் மகனிடம் சொன்னால் கண்டிப்பு. எழுத்து ஒன்றுதான்; இடமும் ஆளும் மாறியதும் குரல் தானே மாறிவிடுகிறது. ஆகவே தாளைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வேன். கேட்பவர் யார்? எங்கே, எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? நான் வாய் திறப்பதற்கு முன் அவர் என்ன கேட்டார்? கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் வரி ஒப்பிப்பது போல இராது, பதில் சொல்வது போல இருக்கும்.

தமிழில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. 'மாத்திரையைச் சாப்பிட்டபின் உட்கொள்ளவும்' என்பதை அப்படியே வாசிப்பதா, 'சாப்பிட்டப்புறம் மாத்திரை போட்டுக்கோங்க' என்பதா? எதிரே ஒரு வயதான அம்மாவை நினைத்துக்கொண்டால் விடை உடனே வந்துவிடும். தாளில் உள்ளதை மாற்ற அனுமதி இல்லாவிட்டாலும், அந்த அம்மாவை மனத்தில் வைத்து வாசித்தால் வறட்சி குறையும்.

இனி ஒலிப்பதிவு. பின்னால் மிக்ஸி ஓடினால் கேட்பவரின் கவனம் நம்மை விட்டுப் போய்விடும். ஆகவே மின்விசிறியை நிறுத்துங்கள். செல்போனை வெளியே வையுங்கள். துணி நிறைந்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தால் எதிரொலி குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். 'ப' வரும்போது காற்று மோதாது. உரக்கப் பேசும் இடத்திலும் ஒலி அளவு பூஜ்ய டெசிபலைத் தொடக்கூடாது. மைனஸ் 6-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. நாக்குப் பிறழ்ந்தால் அந்த வார்த்தையை மட்டும் சொல்லாமல், வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி சொல்லுங்கள், ஒட்டு தெரியாது. பேசாமல் அரை நிமிடம் அறையின் நிசப்தத்தையும் பதிவு செய்து வைத்தால், வெட்டிய இடங்களை நிரப்ப உதவும். மூலப் பதிவை எம்பி3-ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே சேமியுங்கள்.

இதெல்லாம் தொழில் செய்பவருக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்குத் தமிழ்க் கதை காது வழியாகத்தான் போய்ச் சேரவேண்டும். பாட்டியிடம் மைக்கைக் கொடுத்து "கதை சொல்லுங்க" என்றால் கூச்சப்படுவார். பேத்தியை எதிரே உட்காரவைத்து, விசிறியை மட்டும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். 'ழ'வும் 'ள'வும் எப்படி ஒலிக்கவேண்டும் என்று எந்த வகுப்பும் எடுக்காமல் அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளும். அந்தப் பதிவு அடுத்த தலைமுறைக்கும் மிஞ்சும். தீபாவளி விடுமுறைக்குள் ஒரு கதையாவது பதிவு செய்துவிடுங்களேன்.