தானியத்தை எரித்தவர்கள்

எருசலேமின் பழைய நகரில், தரைமட்டத்துக்குக் கீழே, கி.பி. 70-இல் எரிந்த ஒரு வீடு இருக்கிறது. 1970-இல் தோண்டியெடுத்தார்கள். கரியும் சாம்பலும் மூடிய அறைகள், ஓர் ஈட்டி, பெயர் பொறித்த எடைக்கல், ஓர் இளம்பெண்ணின் முன்கை எலும்பு. அந்த எலும்புதான் என்னைத் தூங்கவிடாமல் இந்த வரலாற்றைத் தேடவைத்தது.

தீ வைத்தவர்கள் ரோமானியர்கள்தான். ஆனால் ரோமத் தளபதி டைட்டஸின் படை வந்து சேருமுன்பே நகரம் மூன்றாகப் பிளந்திருந்தது. கோயிலின் உள்முற்றம் எலெயாசர் கையில். வெளிமுற்றம் கிஸ்காலா யோவான் கையில். மேல் நகரம் சீமோன் பார் கியோராவிடம். மூவருமே ரோமை எதிர்த்துக் கிளர்ந்த யூதத் தலைவர்கள்! யோவானின் எறிபொறிக் கற்கள் பலிபீடத்தருகே நின்ற பக்தர்களையும் கொன்றன.

பஸ்கா பண்டிகைக்காக எலெயாசர் உள்முற்றத்தின் கதவைத் திறந்தார். யோவானின் ஆட்கள் ஆடைக்குள் ஆயுதத்தை மறைத்தபடி பக்தர்களோடு நுழைந்து உள்முற்றத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதைவிட எனக்கு நெஞ்சு பதறுவது தானியக் கிடங்குகளை நினைத்துத்தான். எதிரணிக்குக் கிடைக்கக்கூடாதென்று இந்த அணியினர் அவற்றைத் தங்கள் கையாலேயே கொளுத்தினார்கள். பல ஆண்டு முற்றுகைக்குத் தாங்கியிருக்கும் என்கிறார் ஜொசிஃபஸ். ரோமிடம் சரணடைந்த யூதத் தளபதி அவர்; யோவானின் பகைவர். அவர் கணக்கைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் கிடங்குகள் எரிந்ததை யூத மரபுக் கதைகளும் சொல்கின்றன.

இடிபொறிகள் மதிலில் மோதிய பிறகுதான் சீமோனும் யோவானும் ஒன்றாக நின்று போரிட்டார்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. கோடைக்குள் மக்கள் இடுப்பு வாரையும் செருப்புத் தோலையும் மென்றுகொண்டிருந்தார்கள்.