கோடு கிழித்தால் போதும்

பகை என்றால் பின்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைக்கிறோம்: நிலத் தகராறு, பழைய வன்மம், வேலைக்குப் போட்டி. காரணமே இல்லாவிட்டாலும் பாரபட்சம் முளைக்குமா என்று சோதித்துப் பார்த்தவர் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல். 1919-ல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். உயிரோடு திரும்பியபோது, உற்றாரில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றிருந்தார்கள்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளி மாணவர்களை அழைத்து, க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டினார். யாருக்கு யார் படம் பிடித்திருக்கிறது என்று பார்த்து இரண்டு அணிகளாகப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது குலுக்கல் போலத்தான். பிறகு ஒவ்வொரு பையனும் தனியாக அமர்ந்து, முகம் தெரியாத இருவருக்குக் காசு பங்கிட வேண்டும். ஒருவன் தன் அணி, மற்றவன் எதிர் அணி. தான் செய்யும் பங்கீட்டால் பங்கிடுபவனுக்கு எதுவும் கிடைக்காது.

ஓர் அட்டவணையின் ஒரு முனையில் நம்மவனுக்கு 19, அடுத்தவனுக்கு 25. மறுமுனையில் நம்மவனுக்கு 7, அடுத்தவனுக்கு 1. இடையில் பல படிகள். 19-ஐ எடுத்தால் இருவருக்குமே லாபம். பையன்களோ அதை விட்டுவிட்டு மறுமுனைப் பக்கம் சாய்ந்தார்கள். நம்மவனுக்குக் குறைந்தாலும் சரி, அடுத்தவன் ஒரு படி கீழே நிற்க வேண்டும்! 1970-ல் வெளியான இந்த ஆய்வில் என்னை உலுக்குவது இந்த இடம்தான்.

இதைக் காட்டி, 'மனித சுபாவமே அப்படித்தான்' என்று சாதிக்குச் சப்பைக்கட்டு கட்டுபவர்களை ஏற்க முடியாது. பிரிஸ்டல் பையன்களின் கோடு அந்த அறையோடு அழிந்தது. நம் சாதிக் கோட்டுக்கு நிலம், கோயில், கல்யாணம், சுடுகாடு என்று எல்லாமே காவல். ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் இந்தியத் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். 2007-ல் வெளியான முடிவு: உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. ஒரு கடிதம் வரவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவது பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் 'சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு?' என்ற கேள்வி ஒழியவில்லை. ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களே, முதல் சுற்றில் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் மறைத்துவிட்டு பயோடேட்டாவைப் படியுங்கள். இன்டர்வியூவில் தெருவைக் கேட்காதீர்கள்.