வேடமும் மதிப்பும்

வேடம் புனைந்து விளையாடுதல் குழந்தைகளின் இயல்பு. அமெரிக்கா முதலிய நாடுகளில் கதை மாந்தரின் உடைகளைச் சிறுவர்க்கெனத் தைத்து விற்றல் ஒரு பெருவாணிகமாக வளர்ந்துள்ளது. அவ்வுடைகளுள் ஒன்று 2016ஆம் ஆண்டில் பெரியதொரு வாதத்திற்கு இடமாயிற்று.

பசிபிக் மாகடலில் சமோவா, ஹவாய், நியூசிலாந்து முதலிய தீவுகளில் பாலினீசிய மக்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். அவர்தம் பழங்கதைகளின் தலைவன் மாவுயி என்பான். கடலடியிலிருந்து தீவுகளைத் தூண்டிலிட்டு இழுத்தவன். விரைந்தோடிய கதிரவனைக் கயிற்றால் பிணித்துப் பகற்பொழுதை நீட்டியவன். அவனைத் தெய்வத்தன்மை வாய்ந்த முன்னோனாக அம்மக்கள் போற்றுவர்.

அவனையும் ஒரு பாத்திரமாக வைத்து, அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் 'மோவானா' என்னும் சித்திரப்படத்தை உருவாக்கியது. படம் வெளிவருமுன்னரே மாவுயியின் வேடவுடை விற்பனைக்கு வந்தது. கைகால்களை மூடும் பழுப்பு நிறத் துணி. அதன்மேல் பச்சை குத்தியது போன்ற கோலங்கள். அதனை அணியும் சிறுவன் மாவுயியின் ஆடையை அன்று, அவன் தோலையே போர்த்தவனாவான்.

பாலினீசியர் பலர் இதனைக் கண்டித்தனர். பச்சை குத்துதல் அவர்களுக்கு வெறும் ஒப்பனை அன்று. குடிவழியையும் தகுதியையும் உணர்த்தும் அக்கோலங்களை, வலி பொறுத்து மேனியில் ஏற்பர். மேலும், வெள்ளையர் தம் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களை மேடையில் எள்ளி நகையாடிய வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில் பரவியிருந்தது. பிறர் நிறத்தைப் பூணுதல் அப்பழம் புண்ணைக் கிளறுவதாகும்.

"விரும்பிய வீரனைப்போல் தோன்ற நினைக்கும் பிள்ளையிடம் இகழ்ச்சி ஏது?" என்று வினவுவாரும் உளர். வினா நேரியதே. பிள்ளையிடம் குறையில்லை; பொருளறியாது உடையைச் செய்து விற்ற பெரியோரே அதற்குப் பொறுப்பாவர். அந்நிறுவனமும் 2016 செப்டம்பரில் வருத்தம் தெரிவித்து அவ்வுடையைத் திரும்பப் பெற்றது.

உடை மறைந்தது, கதை மறையவில்லை. 2017இல் அப்படம் நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரி மக்களின் மொழியிலேயே வெளிவந்தது. அவர்தம் பிள்ளைகள் மாவுயியின் பேச்சைத் தாய்மொழியில் கேட்டனர். பிறர் கதையை விரும்புதல் நன்று. அதற்குரியோரின் மானத்தையும் மதித்தல் அதனினும் நன்று. ஆடையைக் களைந்து வைக்கலாம். பிறந்த மேனியை எவரும் களைந்து வைத்தல் இயலாதன்றோ?