கண்ணாடி காட்டாத சட்டை

பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து கமர்சியல் ஸ்ட்ரீட் அதிக தூரமில்லை. நிச்சயதார்த்த போட்டோ ஷூட்டுக்காகப் பட்டுப்புடவையைப் பையில் வைத்துக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போகிற பெண்ணும், புதிதாகச் சேர்ந்த ஐ.டி. கம்பெனிக்குப் படம் கொடுக்க நண்பனிடம் கோட் இரவல் வாங்குகிற பையனும் கடைசியில் நிலைக்கண்ணாடி முன்னால்தான் முடிவெடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடியில் தெரிவதைப் பார்ப்பது கண். ஸ்டூடியோவில் பார்க்கப்போவது கேமராவின் சென்சார். ஒரே துணியை இரண்டும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

இது டிஜிட்டல் கேமராவோடு வந்த வம்பு அல்ல. மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த லினியஸ் டிரைப், 1855இல் பர்மாவுக்குப் போன பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு சென்று எடுத்த படங்களை இதே பெங்களூரில் வைத்துத்தான் அச்சிட்டார். அவற்றில் பல படங்களின் மேகங்கள் அவர் கையால் நெகட்டிவ் மேல் தீட்டியவை. அன்றைய வெள்ளி உப்பு, நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே மசிந்தது. நீல வானமும் வெண்மேகமும் அதற்கு ஒன்றுதான், இரண்டும் வெளுத்துப்போயின. சிவப்பு ஒளி பட்டால் அது அசையவே இல்லை. அதனால் அக்காலப் படங்களில் அரக்குச் சேலை கறுப்பாகும், வெளிர்நீலச் சேலை வெள்ளையாகும், நெற்றிக் குங்குமம் மைப்பொட்டாகும், மாநிற முகம் இன்னும் இரண்டு படி கறுக்கும். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், வெள்ளி உப்பு பூசிய தகட்டில் சாயம் சேர்த்தால் அது பச்சையையும் உணரும் என்று கண்டுபிடித்தார். சிவப்பு வரைக்கும் பார்க்கிற தகடு கடைக்கு வர 1906 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய குடும்பப் படங்களில் கொள்ளுப்பாட்டி கறுப்புச் சேலையில் இருக்கிறாரே என்று யாரும் குழம்ப வேண்டாம்.

இன்றைய சென்சார் எல்லா நிறத்தையும் பார்க்கும். ஆனால் அதன் வழியே வேறு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கும். நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா கணக்குப் போட்டு நிரப்பும். பொடிக்கட்டச் சட்டையோ நெருக்கமான மெல்லிய கோடுகளோ எதிரே வரும்போது இந்தக் கணக்குத் தடுமாறுகிறது. துணியின் கோடும் சென்சாரின் வரிசையும் ஒன்றோடொன்று மோதி, சட்டையில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் நெளியும். மோயிரே என்பார்கள். போட்டோகிராபர் இரண்டடி முன்னே பின்னே நகர்ந்தால் சில சமயம் மறையும். ஒரே நிறத்தில் வெற்றுச் சட்டை போட்டுக்கொண்டு போனால் அவருக்கு அந்த வேலையே இல்லை.

மேட்சிங் விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. கடையில் புடவைக்கும் ரவிக்கைத் துணிக்கும் இம்மியளவும் வித்தியாசம் தெரியாது. படத்தில் பார்த்தால் ஒன்று பாக்கு நிறம், மற்றொன்று ஊதா கலந்த ஏதோ ஒன்று. கடைக்காரர் ஏமாற்றவில்லை. பட்டின் சாயமும் பருத்தியின் சாயமும் வேறு வேறு. அவை திருப்பி அனுப்பும் ஒளியின் கலவையும் வேறு. அந்தக் கடை விளக்கில், மனிதக் கண்ணுக்கு மட்டும் அவை தற்செயலாக ஒத்துப்போகின்றன. விளக்கு மாறினாலோ, கண்ணின் இடத்தில் சென்சார் வந்தாலோ உடன்பாடு முறிந்துவிடும். துணியைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்க்கிற நம் வீட்டுப் பெரியவர்களின் பழக்கம் பாதி வைத்தியம். அங்கேயே போனில் ஒரு படமும் எடுத்துப் பார்த்துவிட்டால் மீதியும் ஆயிற்று.

இரவல் கோட்டுக்கும் ஒரு கதை உண்டு. லைக்கா நிறுவனம் 2006இல் எம்8 என்ற கேமராவை வெளியிட்டபோது, கறுப்பு சிந்தடிக் துணிகள் படத்தில் ஊதா கலந்த சிவப்பாக வந்தன. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பல சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைத் தாராளமாகத் திருப்பி அனுப்புகின்றன. அந்தக் கேமராவுக்குள் அதைத் தடுக்கும் கண்ணாடி போதுமான அளவு வலுவாக இல்லை. கடைசியில் வாங்கியவர்களுக்கு நிறுவனமே தனி ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. இன்றைய கேமராக்களில் இந்தத் தொல்லை அபூர்வம். ஆனாலும் கோட் வாங்குவதென்றால் கருநீலமோ சாம்பலோ நல்லது. கறுப்பில் மடிப்பும் தையலும் தெரியாமல் ஒரே இருட்டாகிவிடும்.

சுத்தச் சிவப்புப் பட்டில் இதற்கு நேர்மாறு நடக்கிறது. சென்சாரின் சிவப்புப் புள்ளிகள் முதலில் நிரம்பி வழிந்துவிடுவதால், நெசவும் புட்டாவும் கரைந்து வெறும் சிவப்புத் திட்டு மிஞ்சும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்கத் தெரிந்தவர் கையில்தான் முகூர்த்தப் புடவை பிழைக்கும்.

முகத்துக்கு வருவோம். தோலிலிருந்து இரண்டு வகை ஒளி வருகிறது. உள்ளே புகுந்து சிதறி வெளிவருவது தோலின் நிறத்தைக் கொண்டுவரும். மேலே படிந்த எண்ணெய்ப் பசையில் பட்டுத் தெறிப்பது விளக்கின் நிறத்தையே கொண்டுவரும். நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டாகத் தெரிவது அதுதான். பவுடரின் வேலை இந்தத் தெறிப்பை உடைத்துச் சிதறடிப்பது, நிறம் கூட்டுவது அல்ல. லேசாக ஒற்றினால் போதும். டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீனை மட்டும் அன்றைக்குத் தவிர்க்கலாம். ஃபிளாஷ் வெளிச்சத்தை அது அப்படியே திருப்பி அடித்து, முகம் வெளிறி, கழுத்து தன் நிறத்தில் நிற்கும். முடிவெட்டும் ஃபேஷியலும் நாலைந்து நாள் முன்னதாகவே முடிந்துவிடட்டும்.

வெள்ளைச் சட்டை நம் ஊரில் மரியாதைக்குரியது. ஆனால் கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பதெல்லாம் சராசரிச் சாம்பல் என்று எண்ணியே அளக்கிறது. பளீர் வெள்ளை நிறைய வந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும்; பலி, மாநிற முகம். இளம்பழுப்பு, மங்கிய நீலம், பாசிப்பச்சை போன்றவை நம் தோலோடு நன்றாகப் பழகும். தோல் என்றதும் ஒரு பழைய கதை: ஃபிலிம் பிரிண்டுகளில் நிறங்களைச் சரிபார்க்க அமெரிக்க லேப்களுக்கு கோடாக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் படம்தான் இருந்தது; ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். மற்றவர்களின் தோல் அந்த அளவுகோலில் சேரவில்லை. இங்கே எந்த அட்டையும் இல்லாமலே பல ஸ்டூடியோக்களில் வெள்ளைத் தோலையே அளவுகோலாக வைத்து முகத்தை வெளுக்கும் வேலை கம்ப்யூட்டரில் நடக்கிறது. முகத்தை வெளுத்துத் தர வேண்டாம் என்று படம் எடுக்க உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேட்காமலே செய்துவிட்டு, அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.