வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், அரட்டை: ஆதார் நகலை எதில் அனுப்புவது சேஃப்?

அந்தமான் டூர் பிளான் பண்றீங்களா? ஹோட்டல், படகு டிக்கெட், ஸ்கூபா என எதை புக் செய்தாலும் “ஐடி ப்ரூஃப் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க” என்று மெசேஜ் வரும். நாமும் ஆதாரின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவோம். அதன்பிறகு அந்தப் படம் எங்கெல்லாம் போகிறது?

வழியில் யாராவது பார்க்க முடியுமா?

முன்பு அந்தமானின் இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. சென்னையையும் போர்ட் பிளேரையும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), மேலும் 7 தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால், செய்தி எந்த வழியில் போகிறது என்பது இங்கே முக்கியமில்லை. ‘என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷன்’ இருந்தால் சாவி அனுப்புபவர், பெறுபவர் போன்களில் மட்டுமே இருக்கும். நடுவில் ஒட்டுக்கேட்பவர் மட்டுமல்ல, ஆப் நிறுவனமே நினைத்தாலும் படிக்க முடியாது.

எந்த ஆப் எப்படி?

வாட்ஸ்அப்: 2016 முதல் எல்லா தனிநபர் சாட்டுகளுக்கும் குரூப்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் யாருடன், எப்போது பேசினீர்கள் போன்ற விவரங்கள் நிறுவனத்துக்குத் தெரியும்.

சிக்னல்: அதே என்கிரிப்ஷன்தான், சேகரிக்கும் விவரம் மிகக் குறைவு. 2016-இல் அமெரிக்காவில் சம்மன் வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே அதனால் தர முடிந்தது.

டெலிகிராம்: பலரும் ஏமாறுவது இங்கேதான். சாதாரண சாட்டும் குரூப்பும் என்ட்-டு-என்ட் அல்ல. ‘சீக்ரெட் சாட்’ மட்டுமே அப்படி. அதை நாமேதான் தொடங்க வேண்டும்.

அரட்டை: ஜோஹோவின் தயாரிப்பு. 2025 செப்டம்பரில் டவுன்லோடு எகிறியபோது கால்களுக்கு இந்தப் பாதுகாப்பு இருந்தது, மெசேஜ்களுக்கு இல்லை. அதையும் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது. பயன்படுத்துபவர்கள் ஆப்பை அப்டேட் செய்துவிட்டு, உங்கள் சாட்டில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ ஓட்டை எங்கே?

இரண்டு முனைகளிலும்தான். முதலாவது, பேக்கப். வாட்ஸ்அப் சாட்டுகள் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேமிக்கப்படும்போது, அந்த பேக்கப்புக்கு என்ட்-டு-என்ட் பாதுகாப்பு தானாக வருவதில்லை. 2021 முதல் அந்த வசதி இருக்கிறது; செட்டிங்ஸில் நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

இரண்டாவது, எதிர்முனை. ரிசப்ஷனில் இருக்கும் போன் பலர் கையில் புழங்கலாம். படம் கேலரியில் தங்கலாம், கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கலாம். எவ்வளவு நல்ல ஆப்பாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

என்ன செய்யலாம்?

• முழு ஆதாருக்குப் பதில், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ‘மாஸ்க்டு ஆதார்’ அனுப்புங்கள். யுஐடிஏஐ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.
• டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனையும், பேக்கப் என்கிரிப்ஷனையும் ஆன் செய்யுங்கள்.
• ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலில் தெரியாத கருவி இருந்தால் உடனே லாக்-அவுட் செய்யுங்கள்.
• ‘வியூ ஒன்ஸ்’ உதவும். ஆனால் இன்னொரு போனால் திரையைப் படம் எடுப்பதை அது தடுக்காது.

ரூமைக் காலி செய்யும்போது, “அனுப்பின ஐடி காப்பியை டெலீட் பண்ணிடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். எந்த ஆப்பும் உங்களுக்காக அதைக் கேட்காது.